காலியாக விட்ட துறை

நவம்பர் 11, திங்கள்

இந்த மாதத்துச் சொற்கள் வந்துவிட்டன. கலைச்சொல் அகராதிக்காகப் பேராசிரியர் அரங்கநாதன் மாதாமாதம் ஒரு கட்டு ஆங்கிலச் சொற்களை அனுப்புவார். நான் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் துறைவாரியாகத் தமிழ் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பல வருடமாகச் செய்கிறேன். தெருவில் யாராவது கேட்டால் 'டைப் அடிக்கிறேன்' என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் அடுப்பில் குழம்பு தீய்ந்துவிடும்.

முதல் சொல்லே 'டிப்ரெஷன்'. அதற்கு ஒன்பது துறைகள் போட்டிருக்கிறார். வானிலை, கணக்கு, வேதியியல், புவியியல், பொருளாதாரம், உடற்கூறு, தாவரவியல், இயந்திரவியல், மருத்துவம். சாதாரணச் சொல்தான், ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றச் சொற்களை எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இன்றும் லீவு. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறவர் அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் பேப்பரில் கூண்டுப் படம் வந்தால் அதன் கயிற்றுக்குக் கீழே ஒரு சட்டைக் கை தெரியும். அந்தக் கை கலியமூர்த்தியுடையது. முகத்தை இதுவரை எந்தப் பேப்பரும் போட்டதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள்கூட லீவு எடுக்காத மனிதர், இப்போது காலையில் எழுந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அதே நாற்காலிதான். டாக்டர் சத்துக் குறைவு என்று சொன்னதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். பேரீச்சம்பழம், டானிக் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உள்ளறையில் மழைக்காகக் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துவிட்டேன். அறை அடைசலாகத் தெரிந்தது. ஈரத் துணியை நாற்காலி முதுகில் போட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

கணக்கு: இறக்கக் கோணம். பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. உயரத்தில் நிற்பவன் கீழே உள்ள பொருளைப் பார்க்கும்போது அவன் பார்வை எவ்வளவு சாய்கிறது என்பது. எல்லாப் புத்தகத்திலும் கலங்கரை விளக்கத்தின் மேல் ஒருவன் நிற்பான், கடலில் ஒரு படகு இருக்கும். அவன் எதற்கு அங்கே ஏறினான் என்று எந்தக் கணக்கிலும் சொல்லமாட்டார்கள்.

வேதியியல்: உறைநிலைத் தாழ்வு. தண்ணீரில் உப்பைப் போட்டால் அது உறைய இன்னும் அதிகமாகக் குளிர வேண்டும். இதுவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. நானே திருப்புளி வைத்துக் கழற்றிவிட்டேன். மகள் வெண்ணிலா திருச்சியில் விடுதியில் இருக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டால் போதும். பரணிலிருந்த எலி மருந்தையும் குப்பை வண்டியில் போட்டேன். எலி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

அவர் குளிக்கும்போது நான் வெளியே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வெந்நீர் போதுமா, துண்டு எடுத்துப் போனீர்களா, சோப்பு கரைந்துவிட்டதா. அவர் 'ம்' என்று சொன்னால்தான் கால் நகர்கிறது.

நவம்பர் 13, புதன்

பொருளாதாரம்: பெருமந்தம். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

அவருடைய அக்கா தனக்கோடி அண்ணி புவனகிரியிலிருந்து வந்திருந்தார்கள். சுறாப்புட்டு செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள். தம்பிக்குப் பிடிக்கும் என்று எதிரிலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

கை கழுவும்போது அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அரசாங்கச் சம்பளம், சொந்த வீடு, நன்றாகப் படிக்கிற பெண், இவனுக்கு என்ன குறை என்று கேட்டார்கள். என்னிடம் கேட்டது போதாமல் அவரிடமே போய்க் கேட்டார்கள்.

"ஒரு கொறையும் இல்லக்கா," என்றார் அவர்.

ஏதாவது ஒரு குறையைச் சொல்லியிருந்தால் அதைச் சரிசெய்ய ஓடியிருப்பேன். அண்ணிக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிளகாய் நெடி ஏறி நான்தான் இருமிக்கொண்டிருந்தேன்.

வெண்ணிலா போன் செய்தாள். அப்பாவுக்கு ஜலதோஷம் என்று சொன்னேன். அவளுக்கு ஜலதோஷம், அண்ணிக்கு அசதி, அவருக்குச் சத்துக் குறைவு. ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிவைத்திருக்கிறேன், நாளைக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடினால் மாட்டிக்கொள்வேன்.

புவியியல்: பள்ளம். உடற்கூறு: குழிவு. தாவரவியலில் ஒரே வம்சத்துச் செடிகளையே மறுபடி மறுபடி கலந்தால் கன்றுகள் நோஞ்சானாகப் போகுமாம், அதற்கும் இதே சொல்தான். 'உட்கலப்பு வலுவிழப்பு' என்று எழுதினேன். இயந்திரவியலில் மிதியை அழுத்துவது. 'அழுத்துகை'. இப்படி எட்டும் முடிந்தது போலத்தான். வானிலை எல்லோருக்கும் தெரிந்தது. மருத்துவத்துக்கு ஒரு நிபுணரைக் கேட்டு எழுத வேண்டும்.

நவம்பர் 16, சனி

பேராசிரியர் போன் செய்தார். அகராதிக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம். ஓர் ஆங்கிலச் சொல் எத்தனை துறையில் வந்தாலும் தமிழில் ஒரே வேரிலிருந்து சொல் வர வேண்டும், அப்போதுதான் மாணவர்கள் குழம்பமாட்டார்கள். ஆகவே 'டிப்ரெஷன்' எங்கே வந்தாலும் 'தாழ்வு'. நிலத்தாழ்வு, பொருளாதாரத் தாழ்வு, மருத்துவத்தில் மனத்தாழ்வு.

மனத்தாழ்மை என்பது சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு புண்ணியம், தாழ்வு மனப்பான்மை வேறொரு வியாதி, இரண்டுக்கும் நடுவில் இதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று கேட்டேன். அப்படியானால் பத்திரிகைகள் மாதிரி 'மன அழுத்தம்' என்று போடலாமே என்றார். அது வேறு, வேலைப்பளுவில் வருவது, பரீட்சை முடிந்தால் போய்விடுவது என்று சொன்னேன். இது பரீட்சை இல்லாமலே வருவது என்றும் சொன்னேன். என் குரல் ஏறிவிட்டது போலிருக்கிறது. அவர், மருத்துவத்தை மட்டும் ஏன் இன்னும் காலியாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நிபுணரைப் பார்க்கவில்லை என்றேன்.

டாக்டரைப் பார்த்தாயிற்று. யாரும் படிக்காத இந்த நோட்டில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருந்தால் நான் எதற்கு எழுதுகிறேன்?

லீவு போட்ட புதிதில் ஒருநாள் க்ளினிக்கில் என் வீட்டுக்காரரைச் சோதித்துவிட்டு, நர்ஸிடம் எடை பார்க்கச் சொல்லி வெளியே அனுப்பினார் டாக்டர். வழக்கம்போல, கூட வந்தவர்கள் மட்டும் இருங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'டிப்ரெஷன் மாதிரி இருக்கும்மா, லேட் பண்ணாம ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆளத் தனியா விடாதீங்க' என்று சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவர் எடை மெஷின் பக்கத்தில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். சத்துக் குறைவு என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் இன்னும் இடிந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆபீஸில் தெரிந்தால் என்ன பேசுவார்கள், வெண்ணிலாவுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது யார் என்ன கிளப்புவார்கள் என்றெல்லாமும் நினைத்தேன். சொல்லைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்குத் தேவைப்பட்ட ஒரே சொல்லை மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 18, திங்கள்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. டிவியில் காலையிலிருந்து அதே பேச்சு. தமிழ்ச் சேனலில் தாழ்வு மண்டலம், ஆங்கிலச் சேனலில் 'டிப்ரெஷன்', 'டீப் டிப்ரெஷன்'. மூச்சுக்கு மூச்சு அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து விழுகிறது. நான் சத்தத்தைக் குறைத்தேன். அவர் ரிமோட்டை வாங்கிக் கூட்டினார்.

பிறகு, கேட்காமலே, அவர் பேசினார். செய்தி வாசிக்கிற பெண் தாழ்வுப் பகுதியையும் தாழ்வு மண்டலத்தையும் போட்டுக் குழப்புகிறாள் என்றார். காற்று மணிக்குப் பதினேழு நாட், அதாவது பதினேழு கடல் மைல், தாண்டினால்தான் மண்டலம், இருபத்தெட்டுக்கு மேல் ஆழ்ந்த மண்டலம், முப்பத்துநாலு தொட்டால் அதற்கப்புறம்தான் புயல், பெயர் வைப்பதெல்லாம் அப்போதுதான் என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து இத்தனை வாக்கியங்கள் ஒன்றாக வந்தன. நான் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்று கேட்டேன். அசைந்தால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

"சில மண்டலம் கடல்லயே நின்னுக்கிட்டு இருக்கும்," என்றார். "கரைக்கும் வராது, கலையவும் கலையாது."

அதோடு டிவியை அணைத்துவிட்டார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, புயலுக்கு இல்லை.

கத்தி, அரிவாள்மணை எல்லாம் இப்போது அரிசி டிரம்முக்குள்.

நவம்பர் 19, செவ்வாய்

துறைமுக அதிகாரி ஜெகதீசன் சார் அவருடைய போனுக்கு அடித்தார். அந்தப் போனை நான்தான் இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறேன். மாற்றாக நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஆள் ஒன்றாம் எண் கூண்டை ஏற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டானாம், அங்கேயும் புயல்தானே. கலியமூர்த்தி எப்போது வருவார் என்று கேட்டார்.

மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷம், அசதி, சத்துக் குறைவு, இப்போது காமாலை. சார் மிகவும் வருத்தப்பட்டு, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்.

மறுபடி அவர் நாற்காலியில். நான் எதிரில் உட்கார்ந்து சொல் எழுதுகிறேன். எழுதுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் பேராசிரியர் மறுபடி அழைத்தார். மாலைக்குள் சொற்கள் அச்சுக்குப் போக வேண்டும், மருத்துவத்துக்கு 'மனத்தாழ்வு' என்று அவரே போட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. நோயாளியிடம் போய் உனக்கு மனத்தாழ்வு என்று ஒரு டாக்டர் சொல்ல முடியுமா, சொன்னால் அவன் அடுத்த வேளை மருந்துக்கு வருவானா என்று கேட்டேன். அவர் வேர்ச்சொல்லுக்குப் போனார், நானும் விடவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு, அதற்கு எந்தத் தமிழ் பொருத்தம் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது நாற்காலி காலி. அவருடைய போன் டேபிள் மேல் இருந்தது. இடுப்பிலிருந்து எடுத்து எப்போது அங்கே வைத்தேனோ தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால், ஜெகதீசன் சார் அழைத்திருக்கிறார், இவர் எடுத்துப் பேசியிருக்கிறார். வாசலில் செருப்பு இல்லை, குடை மட்டும் இருந்தது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. துறைமுகம் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம்தான். காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது, கெடிலம் ஆற்று முகத்துவாரப் பக்கம் படகுகளை இழுத்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டே சிக்னல் கம்பத்தைப் பார்த்தேன். மூன்றாம் எண் கூண்டு என்று காலையிலேயே டிவியில் சொல்லியிருந்தார்கள், கம்பம் மொட்டையாக நின்றது. ஒன்றாம் எண்ணையும் இறக்கியாயிற்று, புதிதாக எதுவும் ஏறவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் சொன்னார், கலியமூர்த்தி அண்ணன் கூண்டைத் தூக்கிக்கொண்டு மேலே போய் வெகுநேரமாயிற்று, சார் உள்ளே படகுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று. நான் சாரைப் பார்க்கப் போகவில்லை. கம்பம் நிற்கிற ஆபீஸ் மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறினேன். வாழ்நாளில் ஏணி ஏறியவள் இல்லை. ஒவ்வொரு படியிலும் அவர் பெயரைச் சொன்னேன், பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே எனக்கு இல்லை. கடைசிப் படியில் கண்ணை மூடிக்கொண்டேன், மேலே என்ன இருக்குமோ என்று. திறந்துதான் ஆக வேண்டும் என்பதால் திறந்தேன்.

அவர் கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கறுப்புக் கூண்டு. கயிறு இரண்டு கைகளிலும். மழை முகத்தில் அடிப்பது தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கயிற்றின் மறு நுனியை நானும் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் கேட்டேன். இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"ஏங்க, செத்துடலாம்னு நெனைக்கிறீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பாரத்தை யாரோ ஒரு கை வாங்கிய மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"தெனமும்," என்றார்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வேலைக்குத்தான் வந்தேன். போட்ல ஆளுங்க இருக்காங்களேன்னு. கயித்த இழுக்கலாம்னா கை வரல. இது கூட முடியலியேன்னு உக்காந்தேன். அதுக்கப்புறம் நெனப்பு வந்துடுச்சி." என் கையிலிருந்த கயிற்று நுனியைப் பார்த்தார். "நீ கேப்பேன்னு எத்தன நாளாப் பாத்தேன் தெரியுமா மங்கை. கொடிய அவுத்தே, தாழ்ப்பாளக் கழட்டுனே. நாளைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு இருந்தேன்."

டாக்டர் சொன்னது சத்துக் குறைவு இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் சரியாக வந்ததோ இல்லையோ.

"தெரியும்," என்றார். "கதவு சரியா சாத்தல. எடை மெஷின்கிட்ட நின்னா எல்லாம் கேக்குது."

அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நான் பொய் சொன்னபோது செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பெண்டாட்டியே சொல்லக் கூசுகிற ஏதோ ஒன்று நமக்கு வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். வேறென்ன நினைப்பார்?

கூண்டை ஏற்றினோம். முடிச்சு எங்கே என்று அவர் சொன்னார், நான் இழுத்தேன், நடுவில் அவர் கையும் சேர்ந்துகொண்டது. இத்தனை கனம் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கயிறு, இந்தக் கம்பம், இந்த உயரம் எல்லாம் என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்று இங்கே எழுதவேண்டாம். கீழே படகுக்காரர்கள் அண்ணாந்து பார்த்து ஒருவருக்கொருவர் கையைக் காட்டினார்கள். முகத்துவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு படகு திரும்பியது.

ஜெகதீசன் சார் ஏணியடியில் நின்றிருந்தார். காமாலைக்காரர் இப்படி மழையில் நிற்கலாமா என்று ஆரம்பித்தார். காமாலை இல்லை சார், மனசுக்கு முடியவில்லை, ஆளைத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான்தான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவரை வைத்துக்கொண்டே சொன்னேன். வாட்ச்மேன் காதிலும் விழுந்திருக்கும், விழட்டும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் நான் போன் செய்திருக்கவே மாட்டேனேம்மா என்றார். இரவு விளக்கு சிக்னலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, எங்களை ஜீப்பில் வீட்டில் இறக்கிவிடச் செய்தார்.

புயல் இன்று விடியலில் தெற்கே கரையைக் கடந்துவிட்டதாம். எங்கள் பக்கம் இரண்டு முருங்கை மரம், பக்கத்து வீட்டு ஓடு. கரண்ட் இல்லை. அவர் மெத்தையைக் கூடத்தில் இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவருக்கும் அது தெரியும். எடுக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பாலம் தாண்டி மரம் விழுந்து கிடக்கிறது, புதுச்சேரி பஸ் நாளைக்குத்தான். அங்கேயுள்ள ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு சனிக்கிழமையும் உண்டு என்று ஜெகதீசன் சாரே விசாரித்துச் சொன்னார்.

வெண்ணிலாவிடம் சொல்லிவிட்டேன். அவள், அப்பாவிடம் கொடு என்றாள். என்ன பேசிக்கொண்டார்களோ, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். புயலில் அச்சகம் மூடியிருந்ததால் சொற்கள் இன்னும் போகவில்லையாம். மருத்துவம்: மனச்சோர்வு. அதை மாற்றினால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். உண்மையில் எனக்கே அதில் திருப்தி இல்லை. சோர்வு என்றால் சுக்குக் காபி குடித்துக் கொஞ்சம் படுத்தால் போய்விடும் என்று தோன்றுகிறது, இது அப்படிப் போகிற ஜாதி இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பலகையில் அந்தச் சொல்லைத்தான் போட்டிருப்பதாக ஜெகதீசன் சார் சொன்னார். வழி கேட்டுப் போகிறவனுக்குப் பலகையில் இருக்கிற சொல்தான் உதவும். வேர் எப்படிப் போனால் என்ன? பேராசிரியர் வாதாடவில்லை. சரிம்மா, அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு, அவருக்கு என்ன தோன்றியதோ, வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே என்று கேட்டார். இல்லை சார் என்றேன்.

நவம்பர் 23, சனி

பஸ்ஸில் போனோம். அவருடைய பைக்கிலேயே போகலாமே, இரண்டு பேர்தானே என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்று வேகமாகச் சொல்லிவிட்டார். மழைக்குப் பயந்து சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பெண், வெண்ணிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். நான் ஐப்பசியிலிருந்து என்று வாயைத் திறந்தேன். அவர் குறுக்கே, சித்திரையிலிருந்து என்றார். சித்திரையில் நாங்கள் வெண்ணிலாவோடு ஏற்காடு போனோம். படகில் உட்கார்ந்து மூன்று பேரும் சிரித்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதிலும் இவருக்கு இது இருந்திருக்கிறது.

பிறகு அந்தப் பெண், அம்மா நீங்க கொஞ்சம் வெளியில இருங்க, நான் சார்கிட்டப் பேசணும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னை வெளியே போகச் சொல்லி எந்த டாக்டரும் இதுவரை சொன்னதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவை நன்றாகச் சாத்தியிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே என்ன சொல்கிறார்களோ, நமக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை இப்படித்தான் இருக்கும், நடுவில் நிறுத்தக்கூடாது. வாரம் ஒருமுறை வரவேண்டும். இது குணமாகிற வியாதி. ராத்திரி மிகவும் முடியாமல் போனால் கூப்பிட ஒரு நம்பர். அந்த நம்பரை என் போனில் அவரே ஏற்றினார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க," என்றார். "என்னென்ன நெனைக்கிறனோ, அத உங்கிட்ட சொல்லிடணும்னு."

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சட்டைப் பையில் கையை விட்டு பைக் சாவியை எடுத்தார். பஸ்ஸில் வந்த மனிதர் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அவர் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்து வெச்சே. இத உட்டுட்டே."

பெஞ்சு முழுக்க ஆட்கள். எதிரில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. நான் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன், ஜிப்பை இழுத்தேன், ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றேன்.

"எனக்குந்தான்," என்றார். பிறகு மாத்திரை வாங்குகிற வரிசை எங்கே என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். நானும் கூடவே எழுந்தேன்.